ஐசும்மா திறந்து கொடுத்த பூட்டுகள்

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஐசும்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படி நினைக்க வைப்பதுதான் அவளுடைய வியாபாரம்.

"ஏனுங்க ராவுத்தரம்மா, இந்தப் பூட்டு துருப்புடிச்சுக் கெடக்குதே?" என்று யாராவது கேட்டால், "துருவா? அது அந்தக் காலத்து வார்னீசுங்க. ஒரு ஜமீன் கஜானாவுல தொங்கின பூட்டு. மொகத்தைப் பாத்துத்தான் குடுக்கறேன், எல்லாருக்கும் குடுக்கறதில்ல" என்பாள். அந்த ஜமீன் எது, கஜானா எங்கே என்று யாரும் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறாள் என்றதுமே வாங்க வந்தவருக்குத் தோள் ஒரு விரற்கடை உயர்ந்துவிடும்.

அவள் புருஷன் கமால் ராவுத்தர் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ்ஸில் போய்ப் பழைய இரும்பை எடைக்கு வாங்கி வருவார். கீல், கொக்கி, சங்கிலி, மண்வெட்டி என்று எல்லாம் வரும். பூட்டுகள் ஒரு சாக்கில், சாவிகள் இன்னொரு சாக்கில் வரும். எதற்கு எது என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். பூட்டுக்குச் சாவி சேர்த்து விற்பது ஐசும்மாவின் பொறுப்பு. 'ராவுத்தர் வீட்டுப் பெண் சந்தையில் உட்காருவதா?' என்று பாலக்காட்டுச் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஐசும்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு நன்றாக இழுத்து விட்டுக்கொண்டாள். பேரத்தை மட்டும் விடவில்லை.

பூட்டு விற்பதில் கமாலின் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விற்கும் பூட்டைப் பூட்டிய நிலையில் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வளையத்தைத் திறந்து, வாய் பிளந்தபடியேதான் கொடுக்க வேண்டும். பூட்டிக் கொடுத்தால் கடையின் பரக்கத்தும், ஆண்டவன் தந்த வளமும், சேர்ந்து பூட்டிக்கொள்ளுமாம். மருமகளாக வந்த நாளில் மாமியார் சொன்னது. மாமியார் சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஐசும்மா மறந்துவிட்டாள்; இதை மட்டும் கைக்குப் பழக்கமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வாய்ச்சாலகமான அந்தப் பெண்மணிக்கு ஆண்டவன் கொடுத்ததோ, வாயே திறக்காத ஒரு மகள்!

நூர்ஜஹானுக்கு ஒன்பது வயது. ஊமை இல்லை. செவிடும் இல்லை. வீட்டில் தேவையானதைத் தேவையான அளவுக்குச் சொல்வாள். "பசிக்குது." "இந்தச் சோறு நேத்து மாதிரி இல்ல." அவ்வளவுதான். யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். பள்ளிக்கூட மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். யாராவது தொட்டால் கத்துவாள். ஆனால் பூட்டுச் சாக்கை அவிழ்த்துவிட்டால் போதும், அந்த முகத்தில் பெருநாள் பிறை தெரிந்த மாதிரி ஒரு வெளிச்சம் வரும். ஒவ்வொரு பூட்டையும் காதருகே வைத்து ஆட்டுவாள், மூக்கில் வைத்து முகர்வாள், கல்லின்மேல் வரிசையாக அடுக்குவாள். அவளுக்கு என்ன என்று சொல்ல அந்தக் காலத்தில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வைத்தியருக்கும் தெரியாது. ஒருவர் 'சூடு' என்றார். ஒருவர் 'பயம்' என்றார். இன்னொருவர் லேகியம் கொடுத்தார். அதை ராவுத்தர் தின்று தீர்த்தார்.

கேரளம் என்ற புது மாநிலம் பிறந்த அடுத்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால், தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ராமபத்ரன் ஐசும்மாவுக்கு ஆளனுப்பினார். கல்பாத்தியிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்தவர். மெலிந்த மனிதர், பெரிய குடுமி, நல்ல மனசு, கெட்ட ஜீரணம்.

"இதோ பாருங்கோ ராவுத்தரம்மா. உங்க பொண்ணு அசடு இல்லை. அது எனக்கு நன்னா மனசிலாச்சு. கணக்குப் போட்டா சரியாத்தான் போடறா. ஆனா பேர் கூப்பிட்டா வாயைத் திறக்கறதில்லை. நாலு குழந்தைகள் விளையாடற பக்கமே போறதில்லை. நேத்திக்கு அவ ஜடையை எவனோ பிடிச்சு இழுத்துட்டான். அதுக்கு அவ போட்ட கத்தல் இருக்கே! பொள்ளாச்சி பஸ்காரன் வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஓடி வந்துட்டானாக்கும், யாரோ கிணத்துல விழுந்துட்டான்னு!"

"இழுத்தவனைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அடியும் கொடுத்தேன். அது வேற விஷயம்." ராமபத்ரன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "பாடம் மாத்திரம் படிக்கறதுக்குன்னா ஆத்துலயே படிக்கலாமே. பள்ளிக்கூடம்னா நாலு பேரோட சேர்ந்து இருக்கணும். கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள மத்த குழந்தைகளோட சேர்ந்து ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் பண்ணட்டும். இல்லைன்னா டி.சி. எழுதித் தந்துடறேன். குழந்தையைப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஐசும்மா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் இரக்கமாகச் சொல்லிவிட்டார். இரக்கத்தோடு எப்படிப் பேரம் பேசுவது? அவளுக்கு அது பழக்கமில்லை. துப்பட்டி நுனியைக் கடித்துக்கொண்டு கடைக்கு வந்து, மண்வெட்டிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாள். பள்ளிக்கூடத்துக் கதவையும் சாத்திவிட்டால் அந்தக் குழந்தைக்கு இந்த உலகத்தில் வேறு எந்தக் கதவு திறக்கும்? தான் கண்ணை மூடிய பிறகு அதோடு பேச இந்த இரும்புத் துண்டுகளைத் தவிர யார் இருப்பார்கள்?

"ஐசு," என்றார் ராவுத்தர் மெதுவாக. "அழுவறதுன்னா கடையைச் சாத்திட்டு அழு. வாங்க வர்றவன் பாத்தா, இன்னிக்கு வெல எறங்கிப் போச்சுன்னு நெனச்சுக்குவான்."

"உங்களுக்கு மனசே இல்லியா?"

"இருக்குது. அதனாலதான் உன்னை நம்பறேன். ஊரையே ஏமாத்தற உனக்கு ஒரு ஹெட்மாஸ்டர ஏமாத்தத் தெரியாதா?"

ஐசும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

முதல் யோசனை லஞ்சம். நூருவோடு விளையாட வருகிற பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை என்று தெருவில் சொல்லி வைத்தாள். வந்தார்கள். வாய் நிறையத் தின்றார்கள். தின்னும் நேரமெல்லாம் நூருவின் பக்கத்தில் விசுவாசமாக உட்கார்ந்திருந்தார்கள். தீர்ந்ததும் எழுந்து போனார்கள். மறுநாள் பவுல்ராஜ் என்ற பையன் மட்டும் வந்து, "ஏனுங்க அக்கா, இன்னிக்குச் சிநேகிதத்துக்கு எள்ளுருண்டைங்களா, கமர்கட்டுங்களா?" என்று நேர்மையாகக் கேட்டான். அவனைத் துரத்தினாள்.

இரண்டாவது யோசனை, மகளைக் கூட்டிப்போய்ப் பாண்டி விளையாட்டில் விட்டுப் பார்த்தது. நூரு கட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்து, சில்லை எடுத்துக் கோட்டுக்கு நேராக வைத்தாள். யாராவது அதை எறிந்தால் மறுபடியும் எடுத்து நேராக வைத்தாள். பெண் பிள்ளைகள் விளையாட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது யோசனை இருக்கவே இல்லை. அது தானாக வந்தது, அடுத்த சந்தை நாளில், மயிலாத்தாளின் உருவத்தில்.

மயிலாத்தாள் நூருவின் வகுப்பு. கவுண்டர் வீட்டுப் பெண். கடலைக்காட்டு வெயிலில் காய்ந்த உடம்பு, கூர்மையான நாக்கு. பையன்களே அவளைக் கண்டால் மதில் ஏறுவார்கள். அவள் அப்பன் புதிதாக ஆயில் எஞ்சின் வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்திருந்தார். அந்த எஞ்சின் ரூமுக்குப் பூட்டு வாங்க மகளோடு வந்தார். அவர் ஐசும்மாவோடு பேரத்தில் மூழ்க, மயிலாத்தாள் சும்மா இருக்க மாட்டாமல் கல்லின்மேல் வரிசையாக இருந்த பூட்டுகளில் ஒன்றை எடுத்தாள்.

"அது ஆகாது," என்றது ஒரு குரல்.

மயிலாத்தாள் திரும்பினாள். நூரு அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட! உனக்குப் பேச்சு வருமா?"

"உள்ள ஒரு பல்லு ஒடஞ்சிருக்குது. ஆட்டிப் பாரு."

மயிலாத்தாள் ஆட்டினாள். கிலுக் என்றது. இன்னொன்றை எடுத்து ஆட்டினாள். சத்தமில்லை. "இது?"

"அது நல்லது. எண்ணெய் போடோணும்."

"இது?"

"அதுக்குச் சாவி இல்ல. ஆனா, அந்தச் சாவிய ஓரத்துல தேச்சாச் சேரும்."

அப்பன் பூட்டு வாங்கி முடித்து, "போலாமா கண்ணு?" என்றார். மயிலாத்தாள் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். வரவில்லை. சாக்குமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டாக ஆட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஐசும்மா கையில் தராசுத் தட்டோடு அப்படியே நின்றாள். இத்தனை நாள் தன் பிள்ளையை மற்றவர்கள் விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு அலைந்தோமே, மற்றவர்களை இவள் விளையாட்டுக்கு இழுத்தால் என்ன? எந்தப் பிள்ளைக்குத்தான் பூட்டைத் திறந்து பார்க்க ஆசை இருக்காது? வீட்டில் தொட்டாலே அடி விழுகிற சாமான் ஆயிற்றே!

அன்றைக்கே சாக்கைக் கிளறி, சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகமாகச் சின்னதும் பெரிதுமாகச் சில பூட்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். சாவிகளையும் தேடிச் சேர்த்தாள். சேர்த்த பிறகு, வேண்டுமென்றே எல்லாவற்றையும் கலைத்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைக் கடை வாசலில் மடக்கி, கல்லின்மேல் பூட்டிக் கிடந்தவற்றில் ஆளுக்கொரு பூட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஆளுக்கொரு சாவியும் கொடுத்தாள். எவர் சாவியும் அவரவர் பூட்டுக்குச் சேராது. அதில்தான் ஐசும்மாவின் குறும்பு முழுக்க இருந்தது.

"ஏனுங்க அக்கா, இது சேரலீங்க!"

"சேராது. உன் பூட்டோட சாவி வேற யாருகிட்டயோ இருக்குது. யாருகிட்டன்னு நூருவைக் கேளு. ஆனா ஒண்ணு, அவளைத் தொடப்படாது. பூட்டைக் கீழ வெச்சுட்டுத் தள்ளி உக்காரோணும். அவ மொகத்தைப் பாக்கலேன்னா கோவிச்சுக்கக் கூடாது, பூட்டைப் பாக்கறா இல்ல, அது போதும். அவசரப்படுத்தினா அன்னிக்குக் கடை மூடிரும்."

"பொறுமையா இருந்தா எள்ளுருண்டை உண்டுங்களா?" என்றான் பவுல்ராஜ்.

"கிடையாது போடா."

முதல் நாள் பிள்ளைகள் வைத்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நூரு பூட்டுகளை வரிசைப்படுத்தியதோடு சரி. இரண்டாம் நாள் ஒரு சாவியையும் அதற்குச் சேரும் பூட்டையும் காட்டி, "இது அது" என்றாள். அதற்கடுத்த நாள் பவுல்ராஜின் பூட்டைக் கையில் எடுத்து ஆட்டினாள். ஓட்டைக்குள் பார்த்தாள். பிறகு, ரொம்ப சாதாரணமாக, "மயிலாத்தா கிட்ட இருக்குது" என்றாள்.

ஐசும்மா கையிலிருந்த எடைக்கல் காலில் விழுந்தது. அவளுக்கு அது தெரியவேயில்லை. இன்னொரு குழந்தையின் பெயர்! தன் மகள் வாயிலிருந்து! ராவுத்தர் ஓடிவந்து, "ஐயையோ, ரத்தம் வருதே ஐசு!" என்றார். "வரட்டுங்க," என்றாள் அவள், கண்ணும் மூக்குமாக ஒழுக. "வந்தா வந்துட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு கடை வாசலில் தினமும் ஒரு சின்னச் சந்தை கூடியது. சத்தம் அதிகமானால் நூரு காதைப் பொத்துவாள், உடனே மயிலாத்தாள், "டேய், வாயை மூடுங்கடா! அவளுக்குக் காது நோவுது" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துவாள்.

எல்லாம் சரி. ஆனால் ஹெட்மாஸ்டர் பார்க்க வேண்டுமே! லீவுக்கு முந்தின நாள் நெருங்கிவிட்டது. ஐசும்மா கணக்குப் போட்டாள்: பிள்ளைகள் பூட்டுகளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகட்டும்; மதியம் மரத்தடியில் நூருவைச் சுற்றி உட்கார்ந்து சாவி சேர்க்கட்டும்; ராமபத்ரன் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்; நெஞ்சு உருகுவார்; டி.சி. புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போடுவார். அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பிஸ்மி சொல்லி, ஒவ்வொரு பூட்டாக எடுத்துக் கொடுத்தாள். சாவிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். யோசித்து யோசித்துச் செய்த திட்டத்தில் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது யோசனையில் இல்லை, கையில் இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் பவுல்ராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஏனுங்க அக்கா! சார் உங்களை உடனே வரச் சொன்னாருங்க!"

"பாத்தாரா? நீங்கெல்லாம் வெளையாடறதைப் பாத்தாரா?"

"பாத்தாருங்க." பவுல்ராஜ் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். "சாரோட சைக்கிளைப் பூட்டிட்டமுங்க."

"அட, இவ்வளவுதானா!"

"மணியடிக்கிற கம்பியையும் ஜன்னலோட சேத்துப் பூட்டிட்டமுங்க."

"ம்."

"பெரம்பு வெச்ச பீரோவையுமுங்க."

"...அப்புறம்?"

"சாரோட சோத்துப் போசியையுமுங்க."

ஐசும்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். யா அல்லா! திறந்து கொடுத்துவிட்டாள்! குடும்ப வழக்கப்படி, எல்லாப் பூட்டையும் வாய் பிளந்தபடியே கொடுத்துவிட்டாள்! பூட்டிக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் திறக்கப் பார்த்திருக்கும். திறந்த பூட்டைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை வேறென்ன செய்யும்? கவ்வுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்றுதானே தேடும்!

"தொறந்துட வேண்டியதுதானேடா?"

"சாவியெல்லாம் கைமாறிப் போச்சுங்க. எதுக்கு எதுன்னு நூருவுக்குத்தானுங்க தெரியும். சார் அவகிட்டக் கேக்கவே இல்லீங்க. அவதான் பேச மாட்டாளேன்னுட்டாருங்க."

பள்ளிக்கூடம் வரை ஐசும்மா நடந்தாளா, ஓடினாளா, அவளுக்கே தெரியாது. போச்சு! ஒரு மாசத்துப் பாடும் போச்சு! தன் வாயால் கெடாத காரியம் தன் கையால் கெட்டதே! பெற்ற தாயே மகளின் பள்ளிக்கூட வாழ்க்கைக்குப் பூட்டுப் போட்டாளே! பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றது, திரும்பி எடுக்கவில்லை. பின்னால் வந்த பவுல்ராஜ் எடுத்து வந்தான்.

வகுப்பறையில் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். நூருவும் நின்றாள், ஓரமாக, தரையைப் பார்த்துக்கொண்டு. மேஜைமேல் ஹெட்மாஸ்டரின் சோற்றுப் போசி, பித்தளை அடுக்கு, இருந்தது. அதன் கைப்பிடியில் சின்னஞ்சிறு பூட்டு ஒன்று மூக்குத்தி போலத் தொங்கியது. பிரம்பு பீரோவுக்குள் மாட்டிக்கொண்டதால் ராமபத்ரன் குடையை ஓங்கிக்கொண்டு நின்றார். பசியில் குடுமி அவிழ்ந்திருந்தது.

"வாங்கோ ராவுத்தரம்மா! பாருங்கோ லட்சணத்தை! மணி அடிக்க முடியலை. அடிக்கலாம்னா பிரம்பு இல்லை. சாப்பிடலாம்னா சாதம் ஜெயில்ல இருக்கு! ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டேங்கறா!" பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். யாராக்கும் இதெல்லாம் பண்ணினது?"

"தெரியாதுங்க சார்," என்றாள் மயிலாத்தாள், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"தெரியாதுங்க சார்," என்றார்கள் தாவூதும் மற்றப் பிள்ளைகளும்.

"தெரியும்," என்றாள் நூர்ஜஹான்.

ராமபத்ரன் குடையைத் தாழ்த்தினார். இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தை அவருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"சைக்கிள் பவுல்ராஜ்," என்றாள் நூரு தரையைப் பார்த்தபடி. "பீரோ மயிலாத்தா. மணிக்கம்பி தாவூது, மயிலாத்தா தூக்கி விட்டா. சோத்துப் போசியும் மயிலாத்தாதான் பூட்டப் பாத்தா. அந்தப் பூட்டு பெருசு, நொழையல. நான் சின்னப் பூட்டு குடுத்தேன். அது சரியாப் போச்சு."

"நீயா? நீயா கொடுத்தே?"

"நாந்தான். மயிலாத்தா கேட்டா."

"சாவி?"

"பவுல்ராஜ் டவுசர்ப் பையில. எடப்பக்கம்."

பவுல்ராஜ் ஐசும்மாவின் செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பையைப் பொத்திக்கொண்டான்.

"பீரோச் சாவி?"

"கெணத்துல."

"கிணத்துலயா! யார் போட்டா?"

"மயிலாத்தா."

மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ஹெட்மாஸ்டர் நிற்பதையே மறந்து நூருவின் பக்கம் பாய்ந்தாள். ஒரு முழம் தள்ளியே நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். "ஏண்டீ சொன்னே? கோளுமூட்டி!"

"சார் கேட்டாரு."

"கேட்டாச் சொல்லீறதா?"

"ஆமா."

"நாங்கெல்லாம் தெரியாதுன்னு சொன்னமில்ல? நீயும் தெரியாதுன்னு சொல்லோணும்!"

"எனக்குத் தெரியுமே."

"அட, தெரிஞ்சாலும்தாண்டி!"

நூரு யோசித்தாள். "அப்படி எனக்குச் சொல்ல வராது," என்றாள்.

"இனிமே உனக்கு எதுவும் காட்ட மாட்டேன் போ!"

"பெரிய பூட்டுச் சாவி நீ வெச்சிருக்கே. அது என்னோடது."

"தர மாட்டேன்!"

"தா."

ஐசும்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாகத் தன் மகளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்ததுண்டு, பயந்ததுண்டு, சுற்றிப் போனதுண்டு. ஒருத்திகூட அவளோடு சண்டை போட்டதில்லை! தன்னில் ஒருத்தி என்று நினைக்காதவளோடு யார் சண்டை போடுவார்கள்? கோளுமூட்டியாம்! அடி என் தங்கமே, எத்தனை அழகாகத் திட்டுகிறாய்! இன்னும் திட்டு!

ராமபத்ரன் நாற்காலியில் உட்கார்ந்தார். பவுல்ராஜ் சாவியைக் கொடுக்க, அடுக்கைத் திறந்து தயிர்சாதத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"சார்," என்றாள் ஐசும்மா. பேரம் பேசும் தைரியமெல்லாம் எங்கோ போயிருந்தது. "தப்பு என்னோடதுங்க. குழந்தையை... அந்த டி.சி..."

"எந்த டி.சி.?" ராமபத்ரன் நிமிர்ந்தார். "நாலு பேரோட சேர்ந்து ஒரு காரியம் பண்ணட்டும்னு நான்தானே சொன்னேன்? பண்ணிட்டா. இப்படிப்பட்ட காரியமா இருக்கும்னு எனக்குத் தோணலை, அது என் தப்பு. இப்போ ஒருத்தியை மாத்திரம் அனுப்பினா மத்தவாளையும் அனுப்பணும். அப்பறம் நான் பெஞ்சுக்கா பாடம் எடுக்கறது?" ஒரு கவளம் எடுத்தார். "எல்லாரும் வெளியில போய் வரிசையா நில்லுங்கோ. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும். மெதுவாத்தான் சாப்பிடுவேன், மனசிலாச்சோ?"

பிள்ளைகள் நகர்ந்தார்கள். நூரு மட்டும் நகரவில்லை.

"அம்மாவும் நிக்கோணும்," என்றாள். "பூட்டு குடுத்தது அம்மா."

ராமபத்ரனுக்குப் புரையேறியது. பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐசும்மா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு காலில் செருப்போடு முற்றத்து வெயிலில் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க ராவுத்தரம்மா, இந்த வயசுல பள்ளிக்கூடமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, சேந்துட்டேன்!" என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அந்த வண்டிக்காரர் அவமானம் என்று நினைத்து, பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரிசையில் நூருவுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். வெயில் சுட்டது. மயிலாத்தாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஹெட்மாஸ்டர் சொன்ன மாதிரியே மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மயிலாத்தா," என்றாள் நூரு.

மயிலாத்தாள் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க ஊட்டுக் கதவுக்கு என்ன பூட்டு?"

மயிலாத்தாள் கொஞ்ச நேரம் வீம்பாக இருந்து பார்த்தாள். முடியவில்லை. "பூட்டே கெடையாது," என்றாள்.

"உங்கப்பா வாங்கினாங்களே?"

"அது எஞ்சின் ரூமுக்கு. ஊட்டுக்கு எதுக்குப் பூட்டு? எப்பவும் ஆளுங்க இருக்கறாங்க."

நூர்ஜஹான் தலையை நிமிர்த்தினாள். பூட்டே இல்லாத ஒரு வீடு! அப்படியொன்று இருக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. தரையையும் விட்டு, கையையும் விட்டு, மயிலாத்தாளின் முகத்தையே ஒரு கணம் நேராகப் பார்த்துவிட்டாள்.

"தாழ்ப்பா?"

"கொக்கி இருக்குது. மரக் கொக்கி. எங்க அப்பாறு, எங்கப்பாவோட அப்பா, செஞ்சது. இழுத்தா 'கீ'ன்னு கத்தும்."

நூரு விரலால் காற்றில் ஒரு கொக்கியை இழுத்துப் பார்த்தாள். வரிசைக் கடைசியில் ஐசும்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு லீவுதானே," என்றாள் மயிலாத்தாள், அலட்சியமாகக் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு. "வேணும்னா வந்து பாரு."

"வர்றேன்," என்றாள் நூர்ஜஹான். "நீ இழுக்கக் கூடாது. நாந்தான் இழுப்பேன்."